இறக்க நேரம்

மாலையில் கம்பெனி விட்டதும் பைபாஸ் ஓரத்துப் புளியமரங்களுக்குக் கீழே கார்கள் வரிசையாக வந்து நிற்கும். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரே ஒரு ஆள் இருப்பார். சிலர் ஸ்டியரிங்கை அடிப்பார்கள். சிலர் தொண்டை கிழியக் கத்துவார்கள். சிலர் நெற்றியை ஸ்டியரிங்மேல் சாய்த்து அப்படியே தூங்கிப்போவார்கள். எதிரே டீக்கடை வைத்திருப்பவர் முதல் மாதம் பயந்துபோய் போலீசுக்குப் போன் செய்தார். அரை மணி நேரம் போனால் எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு டீ குடிக்க வருவார்கள் என்பது இப்போது அவருக்குத் தெரியும். அதற்குத் தகுந்தபடி பாலைச் சுட வைக்கிறார்.

கோகிலவாணிக்குக் கார் இல்லை. கம்பெனி பஸ் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். அதனால், கம்பெனியில் இறக்க நேரம் என்று சொல்கிற அந்த அரை மணி நேரம் அவளுக்கு வீட்டில்தான் நடந்தது. எதிரே நின்று வாங்கிக்கொண்டவர் அவளுடைய கணவர் தரணிதரன்.

தரணி மாட்டு வைத்தியர். உதைக்கிற மாட்டின் பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த மனிதர். கல்யாணமான புதிதில், "என்ற பொண்டாட்டி மட்டும் உதைக்கறதுக்கு முன்னாடி காதை அசைக்க மாட்டேங்கறா" என்று கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். அதெல்லாம் அவள் இந்த வேலையில் சேருவதற்கு முன்பு.

கோவைக்கு வெளியே மூடிப்போன நூற்பாலை ஒன்றின் கட்டடத்தில் கம்பெனி நடந்தது. நாடெங்கும் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிற லாரிகளைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லாரி தடுமாறினால் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு லாரி, பன்னிரண்டு மணி நேரம். வெளிச்சம் திரையில் விழுகிறது என்று மில் காலத்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அங்கே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பேருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு வில்லை. களைப்பையும் எரிச்சலையும் பயத்தையும் அது வேலை நேரம் முழுக்கத் தேக்கி வைத்துக்கொள்ளும். கேட்டைத் தாண்டியதும் தேக்கியது மொத்தமும் அந்த ஆளின் மேலேயே இறங்கத் தொடங்கும். பஸ்ஸில் போகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வரைக்கும் அடக்குவார்கள். யாருக்கு எவ்வளவு தேக்குவது என்று அளவு வைக்கிற பொறியாளர் கோகிலவாணி.

சித்திரையில் ஒருநாள் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தரணி பூவாளியை வாசற்படியில் வைத்திருந்தார். கால் இடறியது. அவ்வளவுதான் நடந்தது.

"ஊருல இருக்கற மாட்டுக்கெல்லாம் சினை ஊசி போடறீங்க. இந்த வீட்டுக்குத்தான் ஒண்ணையும் காணோம்" என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு பேரும் எத்தனையோ ஆஸ்பத்திரிப் படி ஏறியிருந்தார்கள். குறை யாருடையது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்டுக்கொண்டதில்லை. அது ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட மரியாதை.

அரை மணி நேரம் கழித்து, பாரம் முழுக்க இறங்கிய பிறகு, அவள் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கோபம் உன்ற ஆபீசோடது. அது எனக்குத் தெரியும் கோகி. மூணு வருசமாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். அந்தப் பேச்சு யாரோடது?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து தரணி தன் மாட்டாஸ்பத்திரியின் பின்னறையில் படுத்துக்கொண்டார். சண்டை எதுவும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார், கேஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுத்தார், கிளம்பிப் போனார். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை.

கோகிலவாணி ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். மேலாளர் சாருமதி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"காரணம் போடலையே கோகிலா?"

"போட்டா ரெண்டு பக்கம் வருங்க மேடம்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. கேப்போம்."

"பாத்ரூம் போகணும்னா பக்கத்துச் சீட்டுக்காரர்கிட்ட லாரியை ஒப்படைச்சுட்டுப் போகணும்ங்கறீங்க. அவரு ஏற்கனவே பன்னெண்டு லாரி பாத்துட்டு இருக்காரு. எப்படிங்க கேக்கறது? பொண்ணுங்க யாரும் தண்ணியே குடிக்கறதில்ல. போன மாசம் ரெண்டு பேரு கிட்னில கல்லுன்னு லீவு. அந்த லீவுக்கும் சம்பளத்தைப் புடிச்சுட்டீங்க."

சாருமதி சிரித்தார். காலை ஆறு மணிக்கு இருக்கும் அதே சிரிப்பு மாலை ஆறு மணிக்கும் அவர் முகத்தில் இருக்கும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஷிப்டை ஒன்பது மணி நேரத்திலிருந்து பன்னிரண்டாக்கிய அன்றைக்குக்கூட எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்துத்தான் சொன்னார்.

"அதுக்குத்தானே வில்லை. அளவு வெக்கறவளே நீதானே? உனக்குக் கொஞ்சம் கூட்டி வெச்சுக்க வேண்டியதுதானே."

"கூட்டித்தான் வெச்சிருக்கேன். ஆபீஸ்ல எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க. எல்லாம் வீட்லதான்."

"வீட்ல நடக்கறதுக்குக் கம்பெனி என்னம்மா பண்ணும்?" என்றார் சாருமதி, அதே கனிவோடு. "ரெண்டு மாசம் நோட்டீஸ். ஜெபசிங்குக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

ஜெபசிங் திருநெல்வேலிக்காரன். புளியமரத்தடியில் அதிகச் சத்தம் வருகிற கார் அவனுடையது. அவன் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டான். பொறுப்பு மாற்றும் காலம் என்பதால் தலைமை அலுவலகம் அவர்கள் இருவருக்கும் எல்லாப் பக்கங்களையும் திறந்து விட்டிருந்தது. எதைத் திறக்க வேண்டும், எதைத் திறக்கக் கூடாது என்று உட்கார்ந்து பார்க்க அங்கே ஆள் இல்லை. அந்த வேலையைப் பார்த்தவரும் போன மாதம் ராஜினாமா செய்திருந்தார்.

"யக்கா, ஒரு சந்தேகம். மேடத்துக்கும் வில்லை உண்டும்லா? அவிய எங்க வச்சு இறக்குதாவ? கார்ல போகும்போதும் சிரிச்சிக்கிட்டுத்தான போறாவ?"

"மேல இருக்கறவங்க கணக்கு நமக்கு வராது ஜெபா."

"இந்தா வந்திருக்குல்லா. இங்கன பாருங்க."

கோகிலவாணி பார்த்தாள். திரையில் முந்தின நாள் ஷிப்ட் முடிந்த நிமிடத்தின் பதிவு இருந்தது. சாருமதியின் வில்லையில் நாள் முழுக்கத் தேங்கியிருந்தது கோடு கோடாகப் பிரிந்து நாற்பது வில்லைகளுக்குள் இறங்கியது. பிறகு அந்த நாற்பது பேரும் கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள். சாருமதியின் வில்லை காலியாக இருந்தது. எல்லாக் கோடுகளிலும் தடித்த கோடு கோகிலவாணியின் பெயருக்குப் போனது.

"எனக்கு மட்டும் ஏன்டா இவ்வளவு?"

ஜெபசிங் எட்டிப் படித்தான். "எவன் வில்லைல எடம் நெறைய இருக்கோ, அவனுக்குத்தான் முதல்ல போவுமாம். நீங்க உங்களுக்கு அளவைக் கூட்டிக் கூட்டி வச்சிருக்கியள்ளா? பெரிய அண்டாவைத் தூக்கிட்டு வாசல்ல நின்னுருக்கிய. ஊத்திட்டுப் போயிட்டாவ."

ஆபீசில் எரிந்து விழக் கூடாது என்று அவளே மாதா மாதம் கூட்டிக்கொண்டது. நல்ல ஊழியர் என்று பெயர் வாங்கியது அதனால்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வில்லை வரவிடவில்லை. அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அதைப் பிய்த்து எடுத்தாள். ஷிப்ட் நடுவில் யாரும் செய்யாத காரியம். காது மடல் எரிந்தது. பிறகு மூன்று வருடமாக அந்த ஹாலில் அவள் உணராத எல்லாம் மெதுவாகத் தெரியத் தொடங்கியது. முதுகு வலி, ஏ.சி. குளிர், மூத்திரத்தை அடக்கிய அடிவயிறு, அடுத்த வரிசையில் ஒரு பெண் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அழுதுகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கோபம். சுத்தமான, தன்னுடைய கோபம்.

"போட்டுக்கிடுங்கக்கா. பாத்துருவாவ."

"பாக்கட்டும். இதை யாரும் தணிக்க வேண்டாம். எனக்கு வேணும்."

அடுத்த வாரம் சாருமதி மேசை மேசையாக வந்து பத்திரிகை வைத்தார். வடவள்ளியில் புது வீடு, ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்துரணும்" என்று கோகிலவாணியின் தோளில் தட்டினார். அவர் காதுக்குப் பின்னால் வில்லை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் அதைக் கழற்றுவதில்லை என்று ஹால் முழுக்கப் பேச்சு உண்டு.

சாருமதி நகர்ந்ததும் கோகிலவாணி சொன்னாள். "சனிக்கிழமை இறக்கத்தை நிறுத்தி வெக்கப் போறேன்."

"யாருக்குக்கா?"

"நாப்பது பேருக்கும். நிறுத்தி, ஒண்ணா வெச்சிருந்து, ஞாயித்துக்கிழமை பந்தி நடக்கறப்போ அந்தம்மா மேல இறக்கறேன். சொந்தக்காரங்க அத்தனை பேரும் இருப்பாங்க. பாக்கட்டும். அந்தச் சிரிப்புக்கு அடியில என்ன இருக்குன்னு ஊரே பாக்கட்டும்."

ஜெபசிங் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான். "ஆளுக்கு எதும் ஆயிராதே?"

"ஆகாது. நான் அளவு வெச்சுத்தான் இறக்குவேன். நெஞ்சு தாங்கும். சிரிக்கத்தான் முடியாது."

"அப்பம் சரி. எம் பங்கைக் கொஞ்சம் குமிச்சே வைங்க. இந்த வாரம் ரெண்டு லாரி எனக்குப் பிரேக் பிடிக்கல."

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் யாரோ பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். தங்களுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியவில்லை. புளியமரத்தடியில் ஒரு கார்கூட இல்லை. டீக்கடைக்காரர் சாலையில் இறங்கி நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வீடுகளில் அன்று மாலை கதவு திறக்கும்போது பிள்ளைகள் ஒளியவில்லை. கோகிலவாணி ஜன்னலில் தலை சாய்த்து அதை நினைத்துப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தரணி வந்தார். பத்திரிகையில் இரண்டு பேர் பெயரும் இருந்ததால் வந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஜீப்பில் டெட்டால் வாடையும் தவிட்டு வாடையும் அடித்தன. வழியெல்லாம் நாட்டுக் கோழிக்கு வந்திருக்கிற சீக்கைப் பற்றிப் பேசினார். அவள் மடியில் இருந்த போனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வீடு பெரியது. மாடிப்படிக்குக் கீழே குட்டித் தோட்டம்கூட வைத்திருந்தார்கள். சாருமதி மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். அவருடைய கணவர் லோகநாதன் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் குனிந்து குனிந்து நடந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். மனைவி எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்.

"ரேவதி அத்தைக்கு எலை போட்டாச்சா?" என்று சாருமதி கணவரைக் கேட்டார், சிரித்தபடி.

"இன்னும் இல்ல. இதோ."

கோகிலவாணி கட்டை விரலால் போன் திரையை அழுத்தினாள்.

முதலில் சாருமதியின் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் இருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார், அதுவும் மிக மெதுவாக. பிறகு வந்தது.

"இன்னும் இல்லையா? எதைத்தான் கேக்காம செஞ்சிருக்கீங்க நீங்க? இந்த வீட்டுக்கு ஓடு நான் எடுத்தேன், பெயிண்டு நான் எடுத்தேன், கடனும் எம் பேர்ல. நான் சாப்பிட்டனான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? ஒரே ஒரு நாள்? ராத்திரி வந்து படுத்தா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கறீங்க. நான் என்ன இந்த வீட்டு வாட்ச்மேனா?"

குரல் உடைந்தது. பந்தியில் கை எல்லாம் நின்றது. ரேவதி அத்தை வாயில் வைத்த விரலை எடுக்கவில்லை. சாருமதி மாமியாரைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார், நாத்தனாரைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னார், பிறகு கூடத்து மூலையில் புதுச் சுவரில் சாய்ந்து பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார்.

கோகிலவாணி நின்று பார்த்தாள். உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. இதற்காகத்தான் பிய்த்த நாளிலிருந்து அந்த வில்லையைத் தொடாமல் இருந்தாள். ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் பார்த்தாள்.

லோகநாதன் பாயச வாளியை இறக்கி வைத்தார். மனைவியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். சாருமதி இரண்டு முறை அவர் மார்பில் குத்திவிட்டு, குழந்தை மாதிரி அப்படியே கண் அயர்ந்தார்.

அருகே நின்ற கோகிலவாணியை அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"பதினோரு வருசத்துல முதல் தடவையா என்னைத் திட்டறாம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "எந்நேரமும் அந்தச் சிரிப்புத்தான். நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான் போலன்னு நெனைச்சிட்டு இருந்தேன். வக்கீலைக்கூடப் பாத்துட்டேன். வீடு குடி வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்." மனைவியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். "இவ்வளவு மனசுல வெச்சிருக்கா பாரு."

ஜீப் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனது. கோகிலவாணி டேஷ்போர்டைக் கையால் அறைந்தாள்.

"அவளுக்கு நல்லது பண்ணிட்டு வந்திருக்கேன் மாமா. என் கையால நானே அவ குடும்பத்தைச் சேத்து வெச்சுட்டு வந்திருக்கேன்."

தரணி ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது கோடுகள், தடித்த கோடு, அவளே கூட்டி வைத்துக்கொண்ட இடம், மூன்று வருடமாக அவள் வீட்டுக்குச் சுமந்து வந்தது யாருடையது என்பது. சொல்லச் சொல்ல அவருடைய தாடை இறுகியது. அவர் கோபப்பட்டு அவள் பார்த்தது குறைவு.

"அப்ப இத்தனை நாளு நான் வாங்கினது அந்தம்மா திட்டா?"

"பாதிக்கு மேல."

"மாட்டுக்குக்கூட இவ்வளவுதான் ஏத்தலாம்னு சட்டம் இருக்குது கோகி. வண்டியை நிறுத்தி எறக்கச் சொல்லிப் போலீசு புடிக்கும்." ஸ்டியரிங்கைத் தட்டினார். குரல் மாறியது. "ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அன்னிக்குச் சித்திரைல நீ சொன்னது. அந்தச் சினை ஊசிப் பேச்சு. அதுவும் அந்தம்மாகிட்ட இருந்து வந்ததா இருக்குமா? அந்த வில்லைல பேச்சும் சேந்து வருமா?"

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். சலவைச் சட்டையின் காலர் வேர்வையில் நனைந்திருந்தது. வருடக் கணக்கில் உதைக்கிற மாடுகளிடம்கூடக் காட்டாத ஒரு பயத்தோடு அந்த மனிதர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்லையின் ஒவ்வொரு அளவையும் அவள் கையால் வைத்தவள். அதில் பாரம் மட்டும்தான் போகும். கனம் போகும், சூடு போகும். ஒரு சொல் போகாது, ஒரு எழுத்துப் போகாது. சாருமதியிலிருந்து வந்தது வெறும் எடை. அந்த எடை விழுந்த இடத்தில் அந்தப் பேச்சு முன்பே இருந்தது. மூன்றாவது ஆஸ்பத்திரிப் படியிலோ நாலாவதிலோ அவள் மனதுக்குள் வந்து உட்கார்ந்து, ஒரு தடவையும் வெளியே வராமல் இருந்தது. இது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

அங்கே வடவள்ளியில் சாருமதி இந்நேரம் புருஷன் தோளில் தூங்கிக்கொண்டிருப்பார்.

"வரும் மாமா" என்றாள். "பேச்சும் சேந்துதான் வரும். அது அவ மனசுல இருந்தது."

தரணி மூச்சை விட்டார். எவ்வளவு நாளாக அதை அடக்கி வைத்திருந்தாரோ. "சீ, பொம்பளையா அவ?" என்றார். "வாசல்ல வாங்கன்னு கும்புட்டுட்டு, மனசுல இப்படி ஒரு விசத்தை வெச்சிருக்கா. இனி அவ மூஞ்சில முழிக்காத கோகி."

"முழிக்க மாட்டேன்."

"நீ ஒரு நாளும் அப்படி நெனைச்சதில்லதானே?"

"இல்ல மாமா."

அவர் சாவியைத் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் சாலை பிரிந்தது. இடது பக்கம் போனால் மாட்டாஸ்பத்திரி, வலது பக்கம் வீடு. தரணி வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டார்.